பச்சைக்குள் மஞ்சள்

பெண் கேட்டுப் போன வீட்டில் என்னைத் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னார் என் மாமியார். கையை எங்கேயும் ஊன்றக் கூடாது, தொடையைப் பிடித்துக்கொண்டும் எழக் கூடாது என்று நிபந்தனை வேறு. கூடத்தில் என் அம்மா, சித்தப்பா, மாமனார், கதவோரம் கவிதா, நடுவில் பஜ்ஜித் தட்டு. புதுச் சட்டையும் பேண்ட்டுமாக நான் உட்கார்ந்து எழுந்தேன். "இன்னொரு தடவ" என்றார். எழுந்தேன். பிறகு பேண்ட்டை முழங்கால்வரை தூக்கச் சொல்லி, கெண்டைக்கால் சதையை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

அம்மா என் காதருகே வந்தாள். "என்னாடா இது, மாடு புடிக்க வந்தவங்க மாதிரி அமுக்கிப் பார்த்துக்கினு இருக்காங்க?"

நாங்கள் காடாம்புலியூர். அவர்கள் தேனிப் பக்கத்திலிருந்து மைன்ஸ் வேலைக்கு வந்து நெய்வேலி குவார்ட்டர்ஸில் தங்கிவிட்ட குடும்பம். மாமனாருக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பக்கம் வேலை, பர்மனென்ட். கவிதாவும் நானும் விருத்தாசலத்தில் ஒரே கல்லூரி. சாதி வேறு, ஜில்லா வேறு. அடிதடி வந்தாலும் வரும் என்று உடம்பு பெருத்த சித்தப்பாவாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். அந்த அம்மாள் என் சாதியைக் கேட்கவே இல்லை. என் அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்களா, இரண்டு பக்கத்திலும் யாராவது சின்ன வயதிலேயே நடக்க முடியாமல் படுத்தார்களா என்று மட்டும் கேட்டார். அப்படி யாரும் இல்லை என்றதும் முகம் தெளிந்தது.

"வெளி ரத்தம். நல்லது" என்றார். அவ்வளவுதான், பெண் எனக்கு.

தேனியில் அவருடைய சொந்த அண்ணன் மகன் முறை மாப்பிள்ளையாகக் காத்திருந்தான். அவனை ஒதுக்கியதில் அண்ணன் வீட்டோடு பேச்சுவார்த்தை அறுந்தது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தானே புயல் டவுன்ஷிப் மரங்களில் பாதியைச் சாய்த்துவிட்டுப் போனதற்கு மறு வருஷம் இதெல்லாம் நடந்தது. என் முக லட்சணத்துக்கும் படிப்புக்கும் கிடைத்த மரியாதை என்று கொஞ்ச நாள் மிதப்பில் இருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது, எனக்குப் பெண் கிடைத்தது அவர் வளர்த்த பறவைகளால் என்று.

லவ் பேர்ட்ஸ் என்றதும் நம் ஊரில் எல்லாரும் நினைப்பது கடை வாசலில் கூண்டோடு தொங்கும் பட்ஜியை. அவரிடம் இருந்தது ஆப்பிரிக்கன். உள்ளங்கைக்கு அடங்குகிற குட்டைக் கிளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சை உடம்பு, சிவந்த முகம், வாலுக்கு மேல் கொஞ்சம் நீலம். குவார்ட்டர்ஸின் பின்னறை முழுக்க அவைதான். தென்னை ஓலையைக் கிழித்துப் போட்டால் பெட்டைகள் அதை இன்னும் மெல்லிசாகக் கடித்துக் கிழித்து, இடுப்பு இறகுக்குள் செருகிக்கொண்டு கூட்டுப் பெட்டிக்குள் போகும். பார்க்க ரொம்ப அழகு. ஆனால் அந்த அறைக்குள் நான் அதிக நேரம் நின்றதில்லை. கத்திக்கொண்டே இருக்கிற அத்தனையும் அவர் உள்ளே நுழைந்ததும் சட்டென்று அடங்கும். எனக்கு அது பிடிக்கவில்லை.

தலை ஆடிக்குப் போயிருந்தபோது ஒரு காலை, "மாப்ள, அந்த மஞ்சளுக்குக் கொஞ்சம் தினை வச்சிட்டு வாங்க" என்றார். போய்ப் பார்த்தேன். அவர் காட்டிய வரிசையில் எல்லாமே பச்சை.

"எது அத்தை மஞ்சள்?"

"அந்தா, ஓரத்துல இருக்கே பச்சைச் சேவல், அதுதான்."

அவர் எந்தப் பறவையையும் தெரிகிற நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மறைத்து வைத்திருக்கிற நிறம்தான் அதற்குப் பெயர். பறவை வளர்க்கிறவர்கள் இதற்கு ஸ்பிளிட் என்பார்கள். அவர் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டார். ஒளிச்சு வச்சிருக்கு என்பார்.

"பச்சைங்கறது மேல போட்ட சட்டை மாப்ள. சேவல் உள்ளுக்குள்ள மஞ்சள வச்சுக்கிட்டே சாகுற வரைக்கும் பச்சையாத் திரியும். பெட்டைக்கு அந்த வித்தை தெரியாது. அதுகிட்ட இருந்தா மேல தெரிஞ்சே தீரும். பச்சைக்கும் பச்சைக்கும் மஞ்சக் குஞ்சு பொறந்துச்சுன்னா, அது பெட்டை. அப்பன் ஒளிச்சு வச்சதை அவ காட்டிக் குடுக்குறா."

இதில் தப்பு ஒன்றும் இல்லை. பிறகு விசாரித்துப் பார்த்தேன், அந்த ஜாதிப் பறவையில் மஞ்சள் அப்படித்தான் வருமாம். முட்டையிலிருந்து வந்து ஓரிரு நாளே ஆன ஒரு குஞ்சை அன்று என் உள்ளங்கையில் வைத்தார். இறகு முளைக்கவில்லை, கண் திறக்கவில்லை, வெறும் சதை. மூடிய இமையைப் பார்க்கச் சொன்னார். பச்சையாக வளரப்போகிற குஞ்சுக்கு அந்த இமைக்குள் கண் கறுப்பாகத் தெரியும். இதற்குச் சிவப்பாகத் தெரிந்தது. "மஞ்சள். பொண்ணு" என்றார். கண்ணைத் திறக்காமலேயே அது என்னைப் பார்ப்பது போல எனக்குத் தோன்றியது. சீக்கிரம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பறவையோடு நின்றிருந்தால் சரி. மனிதர்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார். யாராவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால் மற்ற பெண்கள் குழந்தையைக் கொஞ்சுவார்கள். இவர் குழந்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்பன் பக்கம் திரும்புவார். அந்த ஆள் நெளிகிற வரைக்கும் பார்ப்பார். எதிர் குவார்ட்டர்ஸ்காரர் ஒருவர் மகனுக்குப் பேர் வைத்துவிட்டுச் சர்க்கரை கொடுக்க வந்தார். சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டே இவர் கேட்டார்: "உங்க தாத்தா எப்படிச் செத்தாக?"

அவர் வயசாகித்தான் என்று ஏதோ சொல்லிவிட்டுப் போனார். ஆனால் மனசு கேட்காமல் ஊருக்கு போன் போட்டிருக்கிறார். பெரியவர் புத்தி பேதலித்து, கிணற்றில் விழுந்து செத்தவர் என்பதும், அதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் வளர்த்திருக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. என் மாமியாருக்கு இது எதுவும் தெரியாது. கேட்டார், அவ்வளவுதான். எந்த வீட்டில் போய் எதைக் கேட்டாலும் ஏதாவது ஒன்று எழுந்து வரத்தான் செய்யும் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு எனக்கு உடம்பு கூசியது. அதற்குப் பிறகு அந்த பிளாக்கில் வாயும் வயிறுமாக இருந்த பெண்கள் எங்கள் மாமியார் வீட்டு வாசலைத் தாண்டும்போது சாலையின் அந்தப் பக்கமாகப் போனார்கள்.

அவர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நான் போகிற நாட்களில் எனக்கென்று தனியாக மொச்சைக் குழம்பு வைப்பார். காடாம்புலியூரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பும் பலாப்பழத்தை, நாங்கள் போன பிறகு சாப்பிட்டுவிட்டு, கொட்டையைக்கூட வீணாக்காமல் காயவைத்து எடுத்து வைப்பார். மாமனார் ரிடையர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு தேனிக்குப் போனார்கள். அங்கே போன பிறகு என் மாமியார் அதிக காலம் உயிரோடு இருக்கவில்லை. இப்போது நினைத்தால் எனக்கு அவர் மேல் வருகிறது முக்கால்வாசி பாசம்தான். மீதிக் கால்வாசிக்குப் பெயர் தெரியவில்லை.

கவிதாவுக்கு ஒரு தம்பி இருந்தான். நான் பார்த்ததில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளை ஐந்து வயதுக்கு மேல் அடிக்கடி விழ ஆரம்பித்தான். தரையிலிருந்து எழ, தன் கால்களையே பிடித்து ஏற வேண்டியிருந்தது. தசை கரைகிற நோய். கெண்டைக்கால் மட்டும் பயில்வானுக்கு இருப்பது மாதிரி பெருத்துவிடுமாம். பிறகு நாற்காலி, பிறகு படுக்கை. எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே போய்விட்டான். அந்தப் பின்னறை அவனுடையது. முதல் ஜோடிப் பறவையை வாங்கியதும் அவனுக்காகத்தான், நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று.

அவனைப் பரிசோதித்த டாக்டர் மாமனாரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வீட்டுக்கு வந்து மாமனார் சொன்னது இவ்வளவுதான்: "பரம்பரையில வர்றதாம். வெளிய தெரியாம வருமாம்." அந்த வாரமே அந்தப் பச்சை ஜோடிக்குச் சிவந்த கண்ணோடு மஞ்சள் குஞ்சு பிறந்தது. ஜோடியை விற்ற திருவதிகைக்காரரிடம் என் மாமியார் இது எப்படி என்று கேட்டிருக்கிறார். "சேவ மறைச்சி வச்சிருக்கும்மா. அதான் குஞ்சில காட்டுது" என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது பறவையைப் பற்றி. இவர் பிடித்துக்கொண்டது வேறொன்றை.

பறவையில் காட்டிக்கொடுப்பது பெட்டை, இந்த வீட்டிலோ நோய் வந்தது பையனுக்கு. அந்த இடத்தை மட்டும் அவர் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஒளித்து வைப்பது அப்பன் என்பதை மாற்றவில்லை. பெண்ணுக்கு ஒளிக்கத் தெரியாது என்பதையும் மாற்றவில்லை. ஆகவே மாமனார் குற்றவாளி, கவிதா சுத்தம். அதிலிருந்து ஒவ்வொரு முறை சிவந்த கண்ணோடு குஞ்சு பொரிக்கும்போதும், ஷிப்ட் முடிந்து வருகிற கணவரை வாசலிலேயே நிறுத்தி, அவர் கையில் வைப்பார்.

"பாருங்க. இதோட அப்பன் பச்சைதான்."

மாமனார் கரித்தூசி ஒட்டிய கையில் அதை வாங்கிப் பார்ப்பார். "ம்" என்பார். திருப்பிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போவார். ஒருமுறை நானும் அந்த வாசலில் நின்றேன். கோபப்பட்டிருந்தால், கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த "ம்" தாங்க முடியவில்லை. இறந்துபோன மகனுடைய அறையில் அவர் மேல் குற்றம் சாட்ட வருஷாவருஷம் புதிது புதிதாகச் சாட்சிகள் பிறந்துகொண்டிருந்தன.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் கவிதா உண்டானாள். பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். தம்பி எப்படி இறந்தான் என்று கேட்டதும் லேடி டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த நோய் பெரும்பாலும் அம்மா வழியாகத்தான் வரும் என்றார். அதை உடம்பில் வைத்திருக்கிற பெண்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது, அவர்களுக்குப் பிறக்கிற பையன்களில் சிலருக்கு நோயாக வரும்.

"கவிதாகிட்ட இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தம்பி இல்லாததால எதைத் தேடணும்னே எங்களுக்குத் தெரியாது. அம்மா ரத்தத்துல அது கிடைச்சா, அதே இடத்துல பொண்ணுகிட்டயும் தேடலாம். சீக்கிரம் அவங்களைக் கூட்டிட்டு வாங்க. நாள் போகப் போக நாம ஒண்ணும் பண்ண முடியாது."

நாங்கள் நேரே நெய்வேலி போனோம். கவிதா விஷயத்தைச் சொன்னாள். என் மாமியார் அரிசி களைந்துகொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு ஈரக் கையோடு எங்களைப் பின்னறைக்குக் கூட்டிப் போனார். பறவைகள் எல்லாம் அடங்கின.

"என் ரத்தம் எதுக்கு? அந்தா இருக்கு, அந்தச் சேவலக் கேளுங்க."

"அம்மா, அது பறவை" என்றாள் கவிதா.

"பறவை பொய் சொல்லாது. ஒங்கிட்ட இருந்திருந்தா ஒனக்கு வந்திருக்கும்டி. நீ நல்லா நடக்கிற, நல்லா ஓடுன. நீ சுத்தம். ஒன் பிள்ளையும் சுத்தம். வெளி ரத்தமாப் பாத்துத்தான குடுத்தேன்?"

"அம்மா வழியாத்தான் வரும்னு டாக்டர் சொல்றாங்க அத்தை."

"டாக்டர் சொல்லுவாக. எத்தன குஞ்சு பாத்திருக்கேன் நான். ஒண்ணாவது பெட்டை ஒளிச்சு வச்சிருந்துச்சா மாப்ள? சொல்லுங்க, ஒண்ணாவது?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மாமியாரிடம் குரல் உயர்த்தக் கூடாது என்பதெல்லாம் மறந்துவிட்டது. "பொறக்கப்போறது எங்க புள்ள அத்தை, குஞ்சு இல்ல" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன், அவர் பயந்துபோயிருந்தார். ரத்தம் கொடுத்தால் என்ன தெரிந்துவிடும் என்று அவருக்கு எங்களைவிட நன்றாகப் புரிந்திருந்தது. இவ்வளவு வருஷமும் கணவர் கையில் வைத்ததையெல்லாம் திரும்பத் தன் கையில் வாங்க வேண்டியிருக்கும்.

கவிதா அழுதுகொண்டு கூடத்துக்குப் போனாள். வாசற்படியில் மாமனார் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. இன்னும் செருப்பைக் கழற்றவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?" என்றார் என் மாமியார்.

"அன்னைக்கே டாக்டர் சொன்னாரு. ஆத்தா வழியாத்தான் வரும்னு. நான்தான் ஒங்கிட்ட சொல்லல. பையன் அப்படிக் கெடக்கும்போது எப்படிச் சொல்ல? நீ என்னையச் சொன்ன. சொல்லிட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன்."

இதைக் குரல் உயர்த்தாமல், ஷிப்ட் மாறியதைச் சொல்கிற மாதிரி சொன்னார். என் மாமியார் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மற்ற அப்பன்களைப் பார்க்கிற பார்வைதான் அது, ஆனால் இந்த முறை முதலில் தலை குனிந்தது என் மாமியார்தான். கூண்டுகளில் ஒரு சத்தமும் இல்லை. ஒளித்து வைத்திருக்கிறார் என்று அவர் கணவரைச் சொன்னது ஒரு வகையில் சரியாகத்தான் போயிற்று. எனக்கு மாமனாரின் காலில் விழ வேண்டும் போல இருந்தது.

மறுநாள் காலையில் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு ரெடியாக நின்றார். பட்டு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பாண்டிச்சேரியில் ரத்தம் எடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், குழாய்க்குள் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ரிசல்ட் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அது வருகிற வரைக்கும் அவர் பின்னறைக்குப் போகவில்லை. மாமனார்தான் தினையும் தண்ணீரும் வைத்தார்.

ரிசல்ட்டுக்கு நான்கு பேருமாகப் போனோம். டாக்டர் சிரித்த முகமாக இருந்தார்.

"நாங்க தேடத் தெரிஞ்ச வரைக்கும் அம்மாகிட்டயும் இல்லை, கவிதாகிட்டயும் இல்லை. உங்க பையனுக்கு அது புதுசா வந்திருக்கணும். சில பேருக்கு அப்படி ஆகறதுண்டு. தைரியமா இருங்க."

கவிதா என் தோளில் சாய்ந்து அழுதாள். மாமனார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அந்த டாக்டரை அப்படியே தூக்கித் தட்டாமாலை சுற்றலாம் போல இருந்தது. சந்தோஷத்தில் நான் என் மாமியாரைத் திரும்பிப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது.

"இவுககிட்ட?" என்று கணவரைக் காட்டினார்.

"இவர்கிட்ட இருந்து பையனுக்கு வர வழியே இல்லைம்மா."

"என்கிட்டயும் இல்ல."

"இல்லை."

"அப்ப எங்கிருந்து வந்துச்சு?"

"எங்கிருந்தும் இல்லைம்மா. தானா நடக்கறது. யார் தப்பும் இல்லை."

அவர் தலையாட்டினார். எழுந்து வரும்போது கணவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். கார் வரைக்கும் விடவில்லை.

அது நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார். ஏசி வேலை செய்யாது. பின்சீட்டில் அவர்கள் இருவரும், முன்னால் நானும் கவிதாவும். பண்ருட்டியில் எல்லாருக்கும் இளநீர் வாங்கிக் கொடுத்தேன். அவர் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். காடாம்புலியூர் தாண்டி, இரண்டு பக்கமும் முந்திரி தொடங்கியது. கவிதா பேர் எல்லாம் யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. முத்தாண்டிக்குப்பம் வரும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"இத்தன வருசமா அது நம்ம வீட்டுக்குள்ள இருக்குன்னு நெனச்சேன் மாப்ள. அவுகளுக்குள்ள இருக்குன்னு நெனச்சேன். அப்பறம் எனக்குள்ள இருக்குன்னு நெனச்சேன். எங்க இருக்குன்னு தெரிஞ்ச வரைக்கும் ஒரு தைரியம். இப்ப ரெண்டு பேருக்குள்ளயும் இல்லைங்கறாக."

 ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். அவர் வெளியே முந்திரித் தோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அது வெளியதான நிக்குது?"

கவிதா பேர் சொல்வதை நிறுத்திவிட்டு வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"கண்ணாடிய ஏத்துங்க மாப்ள" என்றார்.

உச்சி வெயில். ஏற்றினால் உள்ளே வெந்துபோவோம் என்று சொல்ல வாயெடுத்தேன். மாமனார் அதற்குள் அவர் பக்கத்துக் கண்ணாடியைச் சுற்றி ஏற்றிவிட்டு, குனிந்து இவர் பக்கத்தையும் ஏற்றினார். கவிதா அவளுடையதை ஏற்றினாள். நானும் ஏற்றினேன். டவுன்ஷிப் போய்ச் சேருகிற வரைக்கும் அதை ஒருவரும் இறக்கவில்லை.